வரைபடத்தில் மிஞ்சிய ஒரு பச்சை

1

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் வழவழப்பான தாளில் ஓர் அழைப்பு கிடந்தது. டொராண்டோவுக்கு வெளியே நாங்கள் இருக்கும் புறநகரின் நகரசபை அனுப்பியது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் ஓடைப் பள்ளத்தையும், அடுத்த ஊரின் பூங்காவையும், அதற்கும் அப்பால் உள்ள சோளக்காடுகளையும் ஒரே பசுமைப் பாதையாக இணைக்கப் போகிறார்களாம். பொதுமக்கள் வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம். காப்பியும் டோனட்டும் உண்டு என்று கடைசி வரியில் போட்டிருந்தது.

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்த ஓடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணுக்கால் நனையாத தண்ணீர். அதற்கு ஒரு பெயர்ப்பலகை, உட்கார ஒரு பெஞ்சு, பெஞ்சில் அதை வாங்கிக் கொடுத்தவரின் பெயர், நாய்க் கழிவைப் போட ஒரு பெட்டி. மரங்களில் எண் அடித்த தகடு. அணில்களுக்குத் தீனி போடாதீர்கள் என்று ஒரு பலகை. அந்தப் பலகையின் மேலேயே உட்கார்ந்துதான் அவை தின்னும். நம்மூர்ப் பூனை அளவுக்குக் கொழுத்த கறுப்பு அணில்கள். குப்பைத் தொட்டியில் தலையை விட்டு எடுக்கும்போது அவற்றின் முகத்தில் ஒரு அதிகாரியின் திருப்தி தெரியும். அந்தத் திருப்தியை எனக்கு நன்றாகத் தெரியும்.

நான் போயிருக்க மாட்டேன். என் பேத்தி அனு கல்லூரியில் முதலாண்டு புவியியல் படிக்கிறாள். அவள்தான் வற்புறுத்தினாள். அவள் பேசும் தமிழ் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. என் மகன், "அவளுக்கு எதுக்குப்பா அது?" என்று அவளுடைய ஆறாவது வயதிலேயே தொலைபேசியில் சொல்லி முடித்துவிட்டான். நானும் சண்டை போடவில்லை. என் பழைய தாள்களைப் படிக்கத் தெரிந்தவர் இந்த வீட்டில் குறைவாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

2

கூட்டம் ஒரு நூலகத்தின் அடித்தளத்தில் நடந்தது. முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் அதிகாரி தாங்கியில் பெரிய வரைபடத்தை நிறுத்தியிருந்தாள். ஊர்களின் குறுக்கே ஒரு பச்சைக் கோடு. இரண்டு மணி நேரம் பேசினார்கள். நாயைக் கயிற்றோடு கூட்டிப்போவதா, அவிழ்த்து விடுவதா என்பதில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. நான் ஒருமுறை கையைத் தூக்கி, ஆட்சேபணை கொடுக்கக் கடைசித் தேதி எது என்று கேட்டேன். அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. இங்கே ஆட்சேபணை என்று சொல்லக் கூடாது. கருத்து என்று சொல்ல வேண்டும். எட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். என் வாயிலிருந்து இன்னும் பழைய அலுவலகத்துச் சொற்களே வருகின்றன.

எங்களுக்கு அடுத்த வீட்டில் அந்தோனியோ என்ற இத்தாலியக் கிழவர் இருக்கிறார். அவர் வேலிக்கு அப்பால், பள்ளத்தின் விளிம்பில், ஓர் அத்திமரம் வளர்க்கிறார். இந்த ஊர்க் குளிரில் அத்தி பிழைக்காது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் இலை உதிர்ந்ததும் பக்கத்தில் குழி வெட்டி, மரத்தை மெல்ல வளைத்துப் படுக்கவைத்து, மண் போட்டு மூடிவிடுவார். பனி கரைந்ததும் தோண்டி நிமிர்த்துவார். முப்பது வருடமாக அதைச் செய்கிறார். பச்சைக் கோடு அந்த அத்தியின் மேல் போயிற்று. கோட்டுக்குள் இந்த மண்ணுக்குரிய மரங்கள் மட்டுமே இருக்கலாமாம்.

"என் மரத்தைப் பிடுங்கணுமா?" என்று அவர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்.

"கவலைப்படாதீர்கள். இது வெறும் டிராஃப்ட்தான்" என்றாள் அந்தப் பெண், சிரித்துக்கொண்டே.

அது என் வாக்கியம். அதே சிரிப்போடு நான் அதை ஒரு மனிதரிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரத்தில் அனு எழுந்து நின்றாள். என் தாத்தா இந்தியாவில் திட்ட அதிகாரியாக இருந்தவர், எண்பதுகளிலேயே ஊர்களையும் காட்டையும் பசுமையால் இணைக்கும் திட்டம் போட்டவர் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கைதட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் உங்கள் அனுபவத்தைப் பேச வேண்டும் என்றாள் அதிகாரி. நான் எழுந்து கைகூப்பி வணங்கினேன்.

அந்த வணக்கம்தான் என்னை உட்காரவைத்து இதை எழுதச் செய்கிறது. என்னைவிட யோக்கியமான ஒரு திருடன்கூடப் பொது இடத்தில் அப்படிக் கைகூப்ப மாட்டான்.

3

எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில், எங்கள் திட்ட அலுவலகம் இருந்தது. வரைபடங்களை அம்மோனியா பிரிண்டாக நகலெடுக்கும் நாற்றமும் கீழ்த்தளத்துக் கடையில் பால் சுண்டும் வாசனையும் கலந்து வரும். மெட்ராஸிலிருந்து வரும் மேலதிகாரிகள் எங்கள் வரைபடங்களை நின்றவாறே பார்ப்பார்கள். பால்கோவா பொட்டலத்துக்காக மட்டும் உட்கார்ந்து காத்திருப்பார்கள். நான் அவர்களை மனதுக்குள் இளக்காரம் செய்வேன். அவர்களில் யாரும் நான் செய்ததைச் செய்யவில்லை.

என் திட்டம் இதுதான். தெற்கே சோழபுரத்துக் கண்மாய்க் கரைகள். அங்கிருந்து ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து மாந்தோப்புகள். பிறகு பெரிய ரோட்டின் இரு பக்கமும் நின்ற புளியமரங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, அதே பெயரில் எங்கள் பக்கம் இருக்கும் சிறிய திருவண்ணாமலைக் குன்று. கடைசியில் வத்திராயிருப்புத் தென்னந்தோப்புகள். நடுவில் இருக்கும் இடைவெளிகளில் மரம் வைத்து எல்லாவற்றையும் ஒரே தொடராக்க வேண்டும். அந்தப் பக்கத்து மலைகளில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய அணில் உண்டு. வனத்துறைக் காவலர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "அது லேசுல தரையில கால் வைக்காது சார். மரம் விட்டு மரம்தான். கெளை தொடலைன்னா அங்கனயே நின்னுக்கிடும்."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். 'ஓர் அணில் சோழபுரத்தில் கிளையேறினால் தரையைத் தொடாமல் வத்திராயிருப்பில் இறங்கலாம்' என்று கோப்பில் எழுதினேன். அந்த ஒரு வரியில் எனக்கு அப்படி ஒரு மயக்கம். அதைத் தட்டச்சு செய்தவரிடம் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன்.

தோப்புகள் எல்லாம் தனியார் நிலம். எதைப் பச்சைக்குள் கொண்டுவருவது என்பதற்கு ஒரு விதி வேண்டும். அந்த விதியையும் நானே வகுத்தேன். தை மாதம் சர்வேயர் நேரில் போய்ப் பார்ப்பார். அன்றைக்குத் தோப்பாக நிற்கிற நிலம் பச்சை. அதில் பிறகு கட்டடம் கட்ட அனுமதி கிடையாது. அன்றைக்கு வெறுந்தரையாக இருந்தால் அது திட்டத்தில் சேராது. விருப்பு வெறுப்புக்கு இடமில்லாத, சுத்தமான விதி என்று நினைத்துக்கொண்டேன். நிலத்தில் கால் வைத்த எந்த விவசாயியும் கேட்ட நொடியில் இதன் ஓட்டையைச் சொல்லியிருப்பான். நான் எந்த விவசாயியிடமும் கேட்கவில்லை.

4

என் தங்கை பாக்கியத்தின் கணவர் குருசாமி ராஜபாளையத்தில் மரவாடி வைத்திருந்தார். மரம் வாங்கி அறுத்து விற்கும் தொழில். மலையடிவாரத்தில் அவர்களுக்கும் ஒரு மாந்தோப்பு உண்டு. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடப் போனேன். வரைபடத்தைச் சுருட்டிக் கையில் கொண்டு போனேன். அலுவலகத்தில் வைக்கப் பயம் என்று சொல்லிக்கொண்டேன். காட்டிப் பெருமைப்படத்தான் கொண்டு போனேன்.

சாப்பிட்டு முடிந்ததும் தரையில் விரித்தேன். நாலு மூலையிலும் தம்ளரை வைத்தோம்.

"என்ன மச்சான், நம்ம தோப்பு மேல பச்சை பூசியிருக்கிய?" என்றார் குருசாமி.

"மாந்தோப்பு பூராவுமே பச்சைதான் மாப்பிள்ளை. நல்லதுதானே."

"நல்லது அணிலுக்கு. எம்மவன் பிற்பாடு அங்க ஒரு தகரச் செட்டு போடணும்னா?"

"போட முடியாது."

அவர் தம் தோப்பின் எல்லையை வரைபடத்தில் விரலால் ஒருமுறை சுற்றினார். பிறகு கேட்டார்: "மரம் இருந்தாத்தான் பச்சையா?"

"ஆமா. தையில சர்வே. அன்னைக்கு மரம் நிக்கணும்."

"நிக்கலைன்னா?"

நான் பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். இது இன்னும் வெளியாகாத கோப்பு என்று சொல்லிச் சுருட்டியிருக்கலாம். பாக்கியம் சுவரில் சாய்ந்து நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கலைன்னா சேராது. உங்க தோப்பை நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றேன்.

நான் வாய் தவறிச் சொன்னதாகப் பிற்பாடு பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் தங்கை வீட்டுக்கு நஷ்டம் வரக் கூடாது என்று தெரிந்தே சொன்னேன். ஊருக்கெல்லாம் பூட்டு. என் வீட்டுக்கு மட்டும் சாவி.

மறுவாரம் குருசாமி தம் தோப்பை வெட்டினார். அதோடு நிறுத்தவில்லை. மரவாடிக்கு வந்த ஒவ்வொருவரிடமும், "தையில கவர்மெண்ட்டு தோப்பை எல்லாம் பூட்டப்போவுது. எம்மச்சானே சொன்னாரு" என்றார். வருடா வருடம் காய்த்துக் குலுங்கிய மரங்களை ஆட்கள் வரிசையில் நின்று அவரிடமே விற்றுத் தள்ளினார்கள். மாமரம் சென்ட்ரிங் பலகைக்கும் பெட்டிக்கும் ஆகும். மார்கழி பூராவும் மலையடிவாரத்தில் ரம்பச் சத்தம் ஓயவில்லை. என் ஜீப் அந்த வழியாகத்தான் போய் வந்தது. ஒருநாள்கூட நிறுத்தச் சொல்லி நான் இறங்கவில்லை.

5

வெங்கிடசாமியை அந்த மாதத்தில்தான் முதல்முதலாகப் பார்த்தேன். மலைக்குப் போகும் ரோட்டில் நாலு ஏக்கர் மாந்தோப்பு வைத்திருந்த விவசாயி. வீட்டில் தெலுங்கு, வெளியே நம் தமிழ். வெள்ளைச் சட்டை போட்டு, மாடிப்படி ஏறி, என் மேஜைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"சார், எனக்குச் சுத்திவளைக்கத் தெரியாது. ஊரே வெட்டுது. எனக்கு ரெண்டு பக்கத்துத் தோப்பும் போயிருச்சு. நானும் வெட்டணுமா, வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க, போயிருதேன்."

"எதுக்கு வெட்டணும்? எல்லாம் புரளி."

"புரளின்னா எம்புட்டுப் பேரு சார் வெட்டுவான்?" என்று சிரித்தார். பிறகு சொன்னார்: "எம்மக கமலா புருசன் வீட்டுல இருந்து திரும்பி வந்துட்டா. இனி அங்க போகமாட்டா. நல்லா தைப்பா. ரோட்டோரமா நம்ம தோப்பு முக்குல ரெண்டு ரூம்பு கட்டி, முன்னாடி மிஷின் போட்டுக் குடுக்கலாம்னு இருக்கேன். எனக்குப் பொறவு அவ அண்ணன்மாரு வாசல்ல போய் நிக்கக் கூடாதுல்ல. அந்த ரூம்பு கெடாதுன்னா மரத்தை விட்டுருதேன். கெடும்னா இன்னைக்கே ஆள் கூட்டிருதேன்."

அவர் என்ன கேட்டார் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. மகளுக்கு இரண்டு அறை. அவ்வளவுதான். உண்மையைச் சொன்னால் அவர் அன்றே வெட்டுவார். சர்வேக்கு மூன்று வாரம் இருந்தது. என் வரைபடத்தில் பச்சை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தேன். அந்த மனிதரையல்ல, என் வரைபடத்தை.

"கெடாது. இது வெறும் டிராஃப்ட்தான். வெட்டாதீங்க. நான் இருக்கேன்" என்றேன், சிரித்துக்கொண்டே.

"நீங்க சொல்லிட்டிய. அப்ப சரி" என்று படியிறங்கிப் போனார்.

6

தையில் சர்வேயரோடு நானும் போனேன். மலையடிவாரம் நெடுக வெட்டின அடிக்கட்டைகள். பிசின் வடிந்து வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தன. சில இடங்களில் கட்டையைக்கூடத் தோண்டி எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாக உழுது கடலை போட்டிருந்தார்கள். சர்வேயர் வாய்த்துடுக்குக்காரர். நிழல் தேடிக் கிடைக்காமல் ஜீப்பில் சாய்ந்துகொண்டு, "சார், இனி ஒரு பத்து வருசத்துக்கு நம்ம ஆபீஸ்ல பச்சைப் பென்சில் தேயாது" என்றார்.

வெங்கிடசாமியின் தோப்பு மட்டும் நின்றது. கிளைகள் எல்லாம் பூ. அதில் பெரிய அணில்கள் இருந்தன. மலையிலிருந்து தோப்புக்குத் தோப்பு தாவி வந்தவை. நடுவில் இருந்ததெல்லாம் வெட்டுப்பட, திரும்பிப் போகக் கிளை இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டன. அவர் எங்களுக்கு மோர் கொண்டுவரச் சொன்னார். "இக்கட ரா கமலா" என்று கூப்பிட்டதும் சொம்போடு வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். மோரைக் கொடுத்துவிட்டு எதுவும் கேட்காமல் எங்கள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெட்ராஸிலிருந்து வந்த மேலதிகாரியிடம், இனி இணைப்பதற்கு எதுவும் இல்லை, திட்டத்தைக் கைவிடலாம் என்று சொன்னேன். அப்படிச் சொன்னதற்காக எனக்கு ஒரு மதிப்பெண் தர வேண்டாம். அடுத்து நடந்ததைக் கேளுங்கள். அவர் வரைபடத்தை நின்றவாறே பார்த்தார்.

"ஒரு பச்சையாவது இருக்கேய்யா. அதை வைங்க. பூஜ்யம்னு எழுதினா என் தலை உருளும், உங்க தலையும் உருளும்."

வைத்தேன். நாலு ஏக்கர். எதோடும் சேராத ஒரு பொட்டு. 'இணைப்புப் பசுமைப் பகுதி' என்று அதற்குப் பெயர் எழுதியதும் என் கைதான்.

வரைவுத் திட்டத்தை வெளியிட்டால் ஆட்சேபணை கொடுக்க மக்களுக்கு ஒரு கெடு உண்டு. கெஜட்டிலும் யாரும் படிக்காத ஒரு பத்திரிகை மூலையிலும் அது வரும். வெங்கிடசாமி அந்தக் கெடுவுக்குள் ஒரு தாளில் நாலு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பொட்டை எடுத்தே ஆக வேண்டியிருக்கும். கெடு முடிய ஒரு வாரம் இருந்தபோது வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனேன். அவர் ஜீப்பை மறித்து, இறங்கச் சொல்லி, கயிற்றுக் கட்டிலில் உட்காரவைத்து, பழம் அறுத்துக் கொடுத்தார். மூன்று பழம் தின்றேன். அணில்கள் மேலே கொறித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. வானம் பொய்த்ததைப் பற்றிப் பேசினோம். கெடுவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கையைக் கழுவி, அவர் கொடுத்த துண்டில் துடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

என் வாழ்நாளில் நான் தின்றவற்றிலேயே எனக்கு இன்றுவரை செரிக்காதது அந்த மூன்று பழம்தான்.

7

மறு வருடம் அவர் இரண்டு அறைக்கு அனுமதி கேட்டு மனுப் போட்டார். கூடவே தாமே ஸ்கேல் வைத்துப் போட்ட ஒரு படம். முன்னறை, பின்னறை, ஒரு ஜன்னல், 'மிஷின்' என்று எழுதிய ஒரு சின்னக் கட்டம். மனு என் மேஜைக்கு வந்தது. 'மனுதாரரின் நிலம் இணைப்புப் பசுமைப் பகுதியில் அமைவதால் கட்டட அனுமதி வழங்க இயலாது எனத் தெரிவிக்கப்படுகிறது.' இந்த வாக்கியத்தை எழுதியது ஒரு குமாஸ்தா. கையெழுத்துப் போட்டது நான்.

அப்பாவும் மகளும் சேர்ந்தே வந்தார்கள். அன்றைக்கும் அவர் உட்காரவில்லை.

"சார், நீங்க சொன்னியன்னு விட்டேன். வெட்டுனவன் எல்லாம் இன்னைக்கு அந்த எடத்துல செட்டு போட்டுருக்கான். வெட்டாதவன் நான் ஒருத்தன்தான் குத்தவாளியா?"

"கவர்மெண்ட் ஆர்டர் ஆயிருச்சுங்க. என் கையில இல்ல. மாத்தணும்னா மெட்ராஸ் போகணும். வருசக்கணக்கா ஆகும்."

"அன்னைக்கு, நான் இருக்கேன்னிய."

அப்போதுதான் கமலா முதல்முறையாகப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"அப்பா, வாங்க போவம். அவியகிட்ட இன்னும் என்ன கேக்கிறிய? கையெழுத்துப் போட்டாச்சு. சார் இருக்காக. நாமதான் இல்ல."

வெங்கிடசாமி வாசல் வரை போய்த் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்காது.

"சார், உங்க அணில் அங்கனதான் இருக்கு. எங்கிட்டும் போகத் தெரியாம, நாலு ஏக்கருக்குள்ளயே சுத்தி வருது. என்னைய மாதிரித்தான்."

அதன் பிறகு அந்த ரோட்டில் போகும்போது பார்ப்பேன். தோப்பின் மூலையில் ஒரு தார்ப்பாய்க்குக் கீழே கமலா மிஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பாள். மேலிருந்து அணில் கொறித்துப் போட்ட மாங்காய்த் துண்டு துணியில் விழும். தட்டிவிட்டுத் தைப்பாள். என் ஜீப் போகும்போது தலை நிமிர மாட்டாள். நான் ஓய்வுபெற்றேன். என் மனைவி இறந்தாள். மகன் விண்ணப்பம் போட்டு என்னை இங்கே அழைத்துக்கொண்டான். குடியேற்றப் படிவத்தில் முன்பு செய்த தொழில் என்ற இடத்தில், திட்ட அதிகாரி என்று பெரிய எழுத்தில் எழுதினேன். வெங்கிடசாமி இறந்ததைத் தங்கையின் கடிதத்தில் ஒரு வரியாகப் படித்தேன். அந்த வரிக்கு மேலே குருசாமியின் சர்க்கரை வியாதியைப் பற்றி ஒரு பக்கம் இருந்தது.

8

நூலகத்துக் கூட்டம் முடிந்த மறுநாள் கமலாவுக்குக் கடிதம் எழுதினேன். விலாசம் எனக்கு மனப்பாடம். நான் அனுப்பிய மறுப்பின் உறையில் இருந்த அதே விலாசம். குருசாமியிடம் சொன்னது, அவள் அப்பாவிடம் சொன்னது, கெடு வாரத்தில் வந்து பழம் தின்றது எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். மன்னிப்பு என்ற சொல்லைப் போட்டு, பிறகு அடித்துவிட்டேன். அதை அவளிடம் கேட்பதும் ஒரு மனுதானே.

அன்று மாலை அந்தோனியோ அத்திக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார். வேலியருகே போய், "எழுத்தில் கொடுங்கள். தேதிக்குள் கொடுங்கள்" என்றேன்.

"கவலைப்படாதேன்னு அந்தப் பொண்ணு சொன்னாளே" என்றார்.

"அதனால்தான் சொல்கிறேன்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் மறுநாள் தாளோடு வந்தார். என் ஓட்டை ஆங்கிலமும் அவர் ஓட்டை ஆங்கிலமும் சேர்ந்து நாலு வரி எழுதின. அதனால் என் கணக்கில் எதுவும் குறையவில்லை. அத்தி அவருடையது. மாமரங்கள் வேறொருவருடையவை.

போன சனிக்கிழமை பதில் வந்தது. அடுத்த வாரக் கூட்டத்தில் நான் பேச வேண்டியதைத் தயார் செய்ய அனு சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். நம்மூர் வரைபடம் ஒன்றை எங்கிருந்தோ பிரதி எடுத்து, பச்சைப் பேனாவையும் எடுத்து வைத்திருந்தாள். எந்த வழியாகக் கோடு போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் உறையைக் கிழித்தேன்.

'அய்யாவுக்கு, கமலா எழுதுவது. கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியதில் எங்களுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஆட்சேபணை கொடுக்க நாள் இருந்தபோது தோப்புக்கு வந்துவிட்டுச் சொல்லாமல் போனீர்கள் என்பது. அப்பாவுக்கு அது தெரியாமலே போனது நல்லது. பழம் நன்றாக இருந்தது என்று நீங்கள் சொன்னதை அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் ரிட்டயர் ஆன பிறகு வந்த அதிகாரியிடம் நான் ஒரு மனுக் கொடுத்தேன். தனியாக நிற்கிற இந்தப் பச்சை எதற்கு என்று அவரே கேட்டார். இரண்டு வாரத்தில் எடுத்துவிட்டார்கள். மெட்ராஸ் போகவில்லை. ஒரு தாள்தான். அப்பா அதற்கு நாலு மாதம் முன்னால் போய்விட்டார்.

ரோட்டோரம் இரண்டு ரூம் கட்டிவிட்டேன். அப்பா போட்ட படம்தான். கட்டுவதற்கு ஒரு மரம் எடுத்தோம். மற்றது அப்படியே நிற்கிறது. வெட்டுவதாக இருந்தால் எல்லாரும் வெட்டியபோதே வெட்டியிருப்போம். அணிலும் இருக்கிறது.

இத்துடன் இருப்பது அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்தது. உங்கள் கையெழுத்து. எங்கள் வீட்டில் அது இனி வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.'

உறைக்குள் நாலாக மடித்த பழுப்புத் தாள் இருந்தது. அலுவலக முத்திரை, கோப்பு எண், பச்சை மையில் என் கையெழுத்து. அந்தக் காலத்தில் பச்சை மை அதிகாரிகளுக்கு மட்டுமே உரியது. நிறம் மங்கவே இல்லை.

"தாத்தா, என்ன அது? உங்க ஆபீஸ் பேப்பரா?" என்று அனு ஆசையாகக் கையை நீட்டினாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் எழுத்தும் தெரியவில்லை. "இதைக் கூட்டத்துல காட்டலாமா? படிச்சுச் சொல்லுங்க."

இது ஒரு சாதாரணக் கடிதம் என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மேலே கோப்பு எண்ணில் தொடங்கி, கீழே என் பெயர் வரைக்கும், ஒரு சொல் விடாமல் வாசித்து, அவளுக்குப் புரியாத ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு கமலாவின் கடிதத்தை எடுத்தேன். அதில் பாதி வாசித்தபோது அனு பச்சைப் பேனாவை மூடி வைத்தாள்.